இனமும் இனக்குழுவும் மைனராக எடுக்கப் போகிறீர்களா? முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் இளங்கலை படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் இரண்டாம் ஆண்டு வாக்கில் தற்செயலாக ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து, இதை முறையாகவே படித்தால் என்ன என்று இனம், இனக்குழு குறித்த மைனரில், அதாவது துணைப் படிப்பில், சேர்ந்துவிடுகிறார்கள். மேஜர் என்ற முதன்மைப் படிப்பு பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயின்ஸாகவோ உயிரியலாகவோ இருக்கும். "இதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு எப்படியாவது ஒரு பதில் சொல்லிவிடலாம். எந்தப் பாடம் கணக்கில் வரும், எது வராது, ஒரு துறையில் பாராட்டு வாங்கிய கட்டுரை அடுத்த துறையில் ஏன் அடி வாங்குகிறது என்ற கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல ஆள் கிடைக்காது. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், படிப்பு களைப்பூட்டியதைவிட இப்படித் தனியாகத் துழாவியதுதான் அதிகம் களைப்பூட்டியது என்று தோன்றுகிறது. அடுத்து வருபவர்களுக்காவது அந்த அலைச்சல் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆள் கிடைக்காததற்குக் காரணம் இந்தப் படிப்பு பிறந்த விதத்தில் இருக்கிறது. 1968 நவம்பர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்தது. அதன் பலனாக இனக்குழு ஆய்வுக்கென்றே ஒரு தனிக் கல்லூரி அங்கே உருவானது. அதே ஆண்டு பெர்க்லியில் நடந்த போராட்டம் ஒரு துறையைப் பெற்றுத் தந்தது. பின்னால் வந்த பல பல்கலைக்கழகங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. சமூகவியலிலிருந்து இருவர், வரலாற்றிலிருந்து ஒருவர், ஆங்கிலத்திலிருந்து ஒருவர் என்று இரவல் ஆசிரியர்களைச் சேர்த்து ஒரு புரோகிராம் ஆக்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சம்பளமும் பதவி உயர்வும் தத்தம் துறையில்தான். மைனரின் இயக்குநர் பொறுப்பும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கை மாறும். ஆகவே விதிகளை உண்மையில் அறிந்தவர் பெரும்பாலும் அலுவலகத்தில் பல வருடமாக இருக்கும் ஒருங்கிணைப்பாளர்தான். இயக்குநரைப் பார்க்கும் முன் அவரைப் பாருங்கள். என்ன சொன்னாலும் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன அனுமதி அடுத்த இயக்குநர் வந்ததும் காற்றில் போய்விடும்.

அமைப்பு பல்கலைக்குப் பல்கலை மாறினாலும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். செமஸ்டர் முறையில் 15 முதல் 21 கிரெடிட், அதாவது ஐந்து முதல் ஏழு பாடம். ஒரு அறிமுகப் பாடம், கோட்பாடோ ஆய்வுமுறையோ ஒன்று, குறைந்தது இரண்டு வேறு துறைகளிலிருந்து மூன்று விருப்பப் பாடங்கள், கடைசியில் கேப்ஸ்டோன் என்ற நிறைவு ஆய்வுத் திட்டம் ஒன்று. பாதிக்குமேல் மேல்நிலைப் பாடங்களாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது சி வேண்டும், மதிப்பெண் தராமல் தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் பதியும் பாஸ்-ஃபெயில் முறையில் எடுத்தால் செல்லாது என்பவை பொதுவாக இருக்கும் நிபந்தனைகள். இதில் பாஸ்-ஃபெயில்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. மேஜரின் மதிப்பெண் சராசரியைக் காப்பாற்ற 'இது சும்மா ஒரு பாடம்தானே' என்று மாற்றிவிட்டு, அடுத்த ஆண்டு மைனரில் சேரும்போது அந்த மூன்று கிரெடிட்டும் வீணாவதைப் பார்ப்பார்கள். கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறி வருபவர்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. ஒரு செமஸ்டர் கிரெடிட் ஒன்றரை குவார்ட்டர் கிரெடிட்டுக்குச் சமம். குவார்ட்டர் முறையில் எடுத்த 4 கிரெடிட் பாடம் செமஸ்டர் பல்கலையில் 2.67 ஆகத்தான் வந்து இறங்கும். 3 கேட்கும் இடத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கு குறைவுக்காக ஒரு முழுப் பாடத்தை மறுபடி எடுக்கச் சொன்னாலும் சொல்வார்கள். மாறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைகளில் 2020இல் கையெழுத்தான ஏபி 1460 சட்டத்தின்படி எல்லா இளங்கலை மாணவரும் 3 கிரெடிட் இனக்குழுவியல் பாடம் ஒன்றை முடித்தாக வேண்டும். அதை மைனருக்கும் சேர்த்துக் கணக்கு வைக்க அனுமதித்தால் ஒரு பாடம் மிச்சம்.

அடுத்தது பாடங்களைப் பிடிப்பது. கேட்டலாக்கில் முப்பது நாற்பது பாடப் பெயர்கள் வரிசையாக நிற்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடந்த நான்கு செமஸ்டர்களின் உண்மையான கால அட்டவணையை எடுத்து, எது எத்தனை முறை நடந்தது என்று பாருங்கள். பல பாடங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். ஆசிரியர் ஆய்வு விடுப்பில் போனால் அதுவும் இல்லை. கேப்ஸ்டோன் பல இடங்களில் ஆண்டுக்கு ஒரே ஒரு செமஸ்டரில்தான் நடக்கும். அந்த வாசலைத் தவறவிட்டால் பட்டமே ஓர் ஆண்டு தள்ளிப்போகும், அல்லது மைனரைக் கைவிட நேரும். இரண்டு துறைகள் பங்குபோட்டு நடத்தும் பாடத்தில் இருக்கைகளையும் பங்கு பிரித்திருப்பார்கள். சமூகவியல் எண்ணில் நிறைந்துவிட்ட அதே வகுப்பு, அடுத்த எண்ணில் காலியாக இருக்கும். எந்த எண்ணில் பதிகிறீர்கள் என்பது முக்கியம், ஏனென்றால் 'இரண்டு துறைகளிலிருந்து' என்ற நிபந்தனையை மதிப்பெண் பட்டியலில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் கணினி பார்க்கும். மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டுமானால் சேர்ப்பு-நீக்கக் கெடு முடிவதற்குள் கேளுங்கள். 'சிறப்புத் தலைப்புகள்' என்ற பெயரில் வரும் வகுப்புகள் பெரும்பாலும் மிக நல்ல வகுப்புகள், ஆனால் தானாகக் கணக்கில் சேராது. மனு போட வேண்டும், மனுவோடு சிலபஸும் எழுதிய கட்டுரைகளும் கேட்பார்கள். வகுப்பு முடிந்து சில மாதத்தில் பாடத் தளம் மூடிவிடும் என்பதால் முதல் நாளே சிலபஸைத் தரவிறக்கி வையுங்கள்.

பணம் போவது பெரும்பாலும் கோடையில்தான். பல பல்கலைகளில் 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம், அதற்குமேல் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் தனி. கோடையிலோ ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் காசு. வசந்த செமஸ்டரில் கூடுதல் செலவில்லாமல் எடுத்திருக்கக்கூடிய பாடத்தைக் கோடைக்குத் தள்ளினால் மூன்று கிரெடிட் கட்டணமும் இரண்டு மாத வாடகையும் போகும். அதோடு கைக்கு வந்த இன்டர்ன்ஷிப்பும் போகலாம். வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டுபவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். இளங்கலையில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும், அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், 3 கிரெடிட் வரைதான் கணக்கில் வரும். கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் பாக்கி என்றால் அது ஆன்லைனாக இருக்கக் கூடாது. மைனர் முடியவில்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி படிப்புக் காலத்தைக் குறிக்கும் ஐ-20 படிவத்தை நீட்டிக்கக் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியும் மேஜரை வைத்துத்தான். ஆகவே இந்த மைனருக்குப் பொருத்தமான வேலை கிடைத்தாலும் அது உங்கள் மேஜரோடு எப்படித் தொடர்புடையது என்று காட்ட வேண்டியிருக்கும்.

எண்ணம் உறுதியானால் சீக்கிரமே முறைப்படி பதிந்துவிடுங்கள். பல இடங்களில் நீங்கள் பதிந்த ஆண்டின் கேட்டலாக் விதிதான் கடைசிவரை உங்களுக்குப் பொருந்தும். இப்போது அது இன்னும் அவசியம். 2024 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆட்சிக்குழு, சேர்க்கை குறைவு என்று 52 மைனர்களையும் சான்றிதழ்ப் படிப்புகளையும் நிறுத்த முடிவெடுத்தது. ஃப்ளோரிடாவில் அதே ஆண்டு ஜனவரியில் அரசுப் பல்கலைகளின் அடிப்படைப் பொதுப்பாடப் பட்டியலிலிருந்து சமூகவியல் அறிமுகப் பாடம் நீக்கப்பட்டது. ஒரு படிப்பை மூடும்போது ஏற்கெனவே பதிந்தவர்களை முடிக்க விடுவது வழக்கம். மனத்துக்குள் மட்டும் சேர்ந்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி படிப்புக்கு வருவோம், உண்மையான சிரமம் இங்கேதான். பலதுறைப் படிப்பு என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று நினைத்துப் போவார்கள். ஒவ்வொரு துறையும் எதை ஆதாரம் என்று ஏற்கிறது என்பதே வேறு, அதை யாரும் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்வதும் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போன இந்தியர் பகத் சிங் திந்தின் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1790 சட்டம் 'சுதந்திரமான வெள்ளையருக்கு' மட்டும் குடியுரிமை என்றது, 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தது. 1922 நவம்பரில் ஜப்பானியரான தகாவோ ஒசாவாவுக்கு, வெள்ளையர் என்றால் காக்கேசியர், நீங்கள் காக்கேசியர் இல்லை என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், இந்தியர்களை அன்றைய இனவியலாளர் பலர் காக்கேசியர் என்றே வகைப்படுத்துகிறார்கள் என்று திந்த் வாதிட்டபோது, அறிவியல் கிடக்கட்டும், சாதாரண மனிதரின் புரிதலில் இவர் வெள்ளையர் இல்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. 1946 லூஸ்-செல்லர் சட்டம் வரும்வரை இந்தியர்களுக்குக் குடியுரிமை வழி அடைபட்டிருந்தது, வந்தபோதும் புதிதாகக் குடியேற ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடுதான். இதை எழுதி நான்கு துறைகளில் கொடுத்துப் பாருங்கள். சட்டம் சார்ந்த வகுப்பில் தீர்ப்பின் வாதத்தை வரிவரியாக எடுத்துக் காட்டவில்லை என்பார்கள். வரலாற்றில், திந்த் தன்னை உயர்சாதி என்று முன்வைத்து வாதாடியதை அன்றைய ஆவணங்களோடு வைத்து ஏன் பார்க்கவில்லை என்பார்கள். சமூகவியலில், ஒரு வழக்கை வைத்துப் பொதுவாக எதைச் சொல்ல முடியும் என்பார்கள். மரபியல் தெரிந்தவரோ, 1972இல் லெவன்டின் காட்டியபடி மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கும்போது 'காக்கேசியர்' எதை அளக்கிறது என்று கேட்பார். நான்கும் நியாயமான கேள்விகள். கட்டுரை தொடங்கும் முன் ஆசிரியரின் அலுவலக நேரத்தில் போய், "உங்கள் துறையில் இதற்கு எது ஆதாரம், எது போதாது?" என்று நேராகவே கேளுங்கள். அவர் எழுதிய கட்டுரை ஒன்றின் அடிக்குறிப்புகளைப் பார்த்தாலும் பாதி விடை கிடைத்துவிடும்.

எண்களோடு வேலை செய்பவர்கள், குறிப்பாகக் கணினிப் பக்கத்திலிருந்து வருபவர்கள், தரவைத் தரவிறக்கியதும் வரைபடம் போட்டுவிடுவார்கள். பொறுங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1920, 1930, 1940இல் மதம் எதுவாக இருந்தாலும் இந்தியரை 'இந்து' என்று இனப் பத்தியில் எழுதினார்கள். 1970இல் வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1980இல்தான் 'ஆசிய இந்தியர்' என்ற கட்டம் வந்தது. 2000 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம். இனத்தையும் ஹிஸ்பானிக் என்ற இனக்குழுக் கேள்வியையும் ஒன்றாக்கி, மத்திய கிழக்கு-வட ஆப்பிரிக்கா என்ற புது வகையையும் சேர்க்கும் மாற்றம் 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. எனவே 1970க்கும் 1980க்கும் இடையே கோடு இழுத்து, ஆசியர் எண்ணிக்கை பாய்ந்தது என்று எழுதினால் அதில் ஒரு பகுதி குடியேற்றம், ஒரு பகுதி வெறும் கட்டம் மாறியது. மின்னசோட்டா பல்கலையின் ஐபம்ஸ் என்ற கணக்கெடுப்புத் தரவுத் தளத்தில் இலவசமாகப் பதிந்து எடுக்கும் தரவோடு, ஒவ்வொரு ஆண்டும் கேள்வி எப்படி இருந்தது என்ற விளக்கமும் கிடைக்கும். தரவைத் திறப்பதற்கு முன் அதைப் படியுங்கள். எந்தப் பகுதியில் கடன் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று நிறம் பூசிப் பிரித்த 1930களின் வீட்டுக்கடன் தர வரைபடங்களை இன்றைய தரவோடு பொருத்துவது இன்னொரு பிரபலமான திட்டம். ரிச்மண்ட் பல்கலை அவற்றை டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பார்த்ததும் பிடித்துவிடும். ஆனால் அந்த எல்லைகளும் இன்றைய கணக்கெடுப்பு வட்டார எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. பரப்பளவு விகிதப்படி பிரித்துத்தான் கணக்கிட வேண்டும், அந்தப் பிழையைக் கட்டுரையில் சொல்லவும் வேண்டும். அந்த வரைபடம்தான் எல்லாப் பாகுபாட்டையும் உண்டாக்கியது என்று எழுதினால் வரலாற்று ஆசிரியர் விடமாட்டார், ஏனென்றால் அது இருந்ததைப் பதிவு செய்ததா, புதிதாக உண்டாக்கியதா என்பதே ஆய்வாளர்களிடையே தீராத சண்டை.

மருத்துவம் நோக்கிப் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் தலைப்பு சிறுநீரகக் கணக்கு. இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை வைத்துச் சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிடும் 2009 சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்க வேண்டும். டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணத் தொடங்க அந்த அளவு 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பெருக்காமல் 18 வரும் ஒருவருக்குப் பெருக்கினால் 20.9. அவர் வரிசைக்கு வெளியே நிற்கிறார். 2021இல் இனத்தை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது, 2023இலிருந்து பழைய கணக்கால் பின்தள்ளப்பட்ட கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரவும் ஏற்பாடானது. உயிரியல், புள்ளியியல், சமூகம், கொள்கை நான்கும் ஒரே கணக்குக்குள் இருப்பதால் இந்தத் தலைப்பில் துறைகளை இழுத்துக் கட்ட வேண்டிய சிரமமே இல்லை.

வாசிப்புச் சுமை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு செமினாருக்கு வாரம் நூறு பக்கத்துக்கு மேல் போகும், லேப் உள்ள செமஸ்டரில் இரண்டு செமினார் எடுக்காதீர்கள். மேற்கோள் முறையும் துறைக்குத் துறை மாறும் என்பதால் ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் படித்தவற்றின் விவரங்களை முதல் வாரத்திலிருந்தே சேர்த்து வையுங்கள்.

வகுப்பறையில் வரும் இன்னொரு இக்கட்டுக்கு யாரும் தயார்படுத்துவதில்லை. சாதி என்ற சொல் வந்ததும் ஆசிரியரும் பாதி வகுப்பும் உங்கள் பக்கம் திரும்புவார்கள். இப்போது அது அடிக்கடி வரும். கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைகள் 2022 ஜனவரியில் தம் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தன, சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் தடைச் சட்டம் கொண்டுவந்தது, சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வந்த கலிஃபோர்னியாவின் எஸ்பி 403 மசோதாவை ஆளுநர் 2023 அக்டோபரில் கையெழுத்திடாமல் நிராகரித்தார். தலித் மாணவர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பேச விரும்பவில்லை என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், மதிப்பெண் குறையக் கூடாது. மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அமெரிக்காவில் தோல் நிறத்தால் பட்டதை மட்டும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஊரில் எந்தத் தெருவிலிருந்து வந்தோம் என்பதைத் தொடாமல் போகும் கட்டுரை அரைக் கட்டுரைதான். கூர்மையான ஆசிரியர் அதைப் பிடித்துவிடுவார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்கு எழுதிய கடிதமும் டு பாய்ஸ் எழுதிய பதிலும் மாசசூசெட்ஸ் பல்கலையின் ஆம்ஹர்ஸ்ட் வளாக ஆவணத் தொகுப்பில் இணையத்திலேயே இருக்கின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் பிரதியைத் தம் மக்களின் வழக்குக்காக அம்பேத்கர் கேட்கும் கடிதம் அது. இரண்டு பக்கத்து வரலாற்றையும் இணைக்க அதைவிட உறுதியான முதல் ஆதாரம் ஓர் இளங்கலை மாணவருக்குக் கிடைப்பது அரிது.

கேப்ஸ்டோனுக்கு நேர்காணல் செய்வதாக இருந்தால், மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான ஐஆர்பி அனுமதியை முந்தைய செமஸ்டரிலேயே தொடங்குங்கள். பயிற்சி, மேற்பார்வை ஆசிரியரின் ஒப்புதல், திருத்தச் சொல்லித் திரும்பி வருவது என்று வாரக்கணக்கில் இழுக்கும். நேர்காணலை முடித்துவிட்டு அனுமதி கேட்டால் கிடைக்காது, அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தவும் முடியாது. வாய்மொழி வரலாற்றுக்கு 2019 முதல் கூட்டரசு விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் உங்கள் திட்டம் அந்த விலக்குக்குள் வருகிறதா என்று தீர்மானிப்பது பல்கலையின் அலுவலகம், நீங்கள் இல்லை. தமிழில் பேசப் போகிறீர்கள் என்றால் ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவமும் விண்ணப்பத்தோடு போக வேண்டும். முறையான ஆவணமில்லாமல் இருப்பவர்கள், அடைக்கலம் கோரிக் காத்திருக்கும் ஈழத்தமிழர்கள் போன்றவர்களிடம் பேசும்போது கையெழுத்துப் போட்ட காகிதமே அவர்களுக்கு ஆபத்து. கையெழுத்தில்லாமல் வாய்மொழி ஒப்புதல் பெற விலக்குக் கேளுங்கள், அப்படி ஒரு வழி உண்டு. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும், தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் இன்னும் கூடும். ஒரு செமஸ்டருக்கு ஐந்தாறு பேர் போதும். பன்னிரண்டு பேர் என்று திட்டம் கொடுத்துவிட்டு ஏப்ரலில் விழி பிதுங்குவது வருடாவருடம் நடக்கிறது.

கடைசி ஆண்டு தொடங்கும்போதே பட்டத் தணிக்கை அறிக்கையை எடுத்து மைனர் பகுதியைப் பாருங்கள். மனுவில் அனுமதி வாங்கிய பாடங்கள் கணினியில் ஏறாமல் கிடப்பது சகஜம். அந்தப் பழைய மின்னஞ்சல் அப்போதுதான் கை கொடுக்கும். பட்டச் சான்றிதழில் மைனர் பெரும்பாலும் அச்சாகாது, மதிப்பெண் பட்டியலில் மட்டும்தான் வரும். ஆகவே பட்டம் பதிவானதும் பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பட்டம் பதிவாகிச் சில வாரங்களில் கோப்பை மூடிவிடும் பல்கலைகள் உண்டு, மூடிய பிறகு மைனரைச் சேர்க்க மாட்டார்கள்.